பாலை பழுக்கும் காடு

விடுமுறையிற் சிறுவருக்கு வனங் காட்ட விழையும் பெற்றோர் பலர் சிறுத்தை ஒன்றையே தேடி விரைகின்றனர். அது வேண்டா. 1938இல் தேசியப் பூங்காவாக்கப்பெற்ற வில்பத்துவுக்கு, புத்தளம் – அநுராதபுரம் வீதியிலிருந்து வடக்கே திரும்பிச் செல்லல் வேண்டும். ஆனியிற் சென்றாற் பாலைமரங்கள் பழுத்து நிற்கும். கரடி அவற்றில் ஏறிக் கனி தின்னும். பாலை என்றாற் சுடுமணலே என்று மனனஞ் செய்த மாணவனுக்கு எவ்வுரையாசிரியரும் இத்துணை இனிய உரை தந்திலர்!

வில்லுகள் என்பன அங்குள்ள இயற்கை நீர்நிலைகள். வேனிலில் விலங்குகள் அவற்றை நாடும். கரையில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, அரைமணி நேரம் வாளா இருங்கள். இறங்குதல் விதிக்கு மாறு. ஐந்து வயதுக் குழந்தைக்கு அஃது அருந்தவமே. (பலகாரப் பொட்டலம் துணைசெய்யும், உறையை வெளியே வீசற்க.) புள்ளிமான் நீருண்ண வரும். மரையும் வரலாம். மரைக்குப் புள்ளியில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டு கூறுவர்.