காலையில் எழுந்ததும் உன்னால் என்ன செய்ய முடிகிறது?



மூட்டு வாதம் என்றால் கிழவர்களுக்கு வருவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். "பத்துப் பன்னெண்டு வயசுப் புள்ளைக்கு ஏதும்மா வாதம்? வளர்ற வயசு, கால் நோவத்தான் செய்யும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இது தவறு. குழந்தைகளுக்கும் மூட்டு வாதம் வரும். லண்டன் நகர மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் 1897-ஆம் ஆண்டிலேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார்.

இது எப்படிப்பட்ட நோய்?

16 வயதுக்குள் தொடங்கி, மூட்டு வீக்கம் 6 வாரமோ அதற்கு மேலோ நீடித்து, வேறு காரணம் எதுவும் தென்படாவிட்டால் அது சிறார் மூட்டு வாதம். நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி, தவறுதலாகத் தன் சொந்த மூட்டையே தாக்குகிறது. இது ஒட்டுநோய் அல்ல. யார் செய்த பாவமும் அல்ல.

வளரும் வயதின் வலி பெரும்பாலும் ராத்திரியில், இரண்டு காலிலும் வரும். விடிந்தால் பிள்ளை ஓடி விளையாடும், வீக்கம் இருக்காது. வாதமோ இதற்கு நேர்மாறு. காலையில் மூட்டு விறைத்துக்கொள்ளும். நேரம் ஆக ஆகத் தளரும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

திருவண்ணாமலையில், தேரோடும் வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. பதினான்கு வயதுப் பெண். வாதம் என்று கண்டுபிடித்து மருந்தும் கொடுத்திருந்தார்கள். "இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "பரவாயில்லம்மா, கொஞ்சம் நொண்டுறா, அவ்ளோதான். வெளிய சொல்லிடாதீங்க, நாளைக்கு ஒரு இடத்துல குடுக்கணும் இல்ல?" என்றார் தாயார். நானும் அதையே குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அது என் தவறு.

அடுத்த முறை அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "ஸ்கூல்ல தண்ணியே குடிக்கிறதில்ல டீச்சரம்மா. பாத்ரூம்ல குந்த முடியல. குந்தினா எழுந்திருக்க முடியல" என்றாள். ஒரு வருஷமாக யாருக்கும் சொல்லாமல் தாகத்தோடு படித்திருக்கிறாள். தாயார் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. பருவ வயதுப் பிள்ளைகள் வெட்கப்படும், மறைக்கும். ஆகவே பெற்றோரையும் கேட்க வேண்டும். பிள்ளையைத் தனியாகவும் கேட்க வேண்டும்.

எட்டு வேலைகள், நான்கு பதில்கள்

வலியைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் பிள்ளையால் எதைச் செய்ய முடிகிறது என்பதை அளக்கலாம். உலகம் முழுவதும் மருத்துவர்கள் இதற்கு ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். 1994-ல் வெளியான அதில், கடந்த ஒரு வார காலத்தில் எட்டு வகை வேலைகள் எப்படி நடந்தன என்று கேட்பார்கள். நம் வீட்டு வழக்கப்படி சொன்னால்:

1. உடுத்துவது, தலை வாருவது: பட்டன் போடுதல், ஜடை பின்னுதல்.
2. எழுந்திருப்பது: பாயிலிருந்து, தரையிலிருந்து.
3. சாப்பிடுவது: சோறு பிசைதல், டம்ளரைத் தூக்குதல்.
4. நடப்பது: தெருவில் நடத்தல், படி ஏறுதல்.
5. சுத்தம்: குளித்தல், கழிப்பறையில் குந்தி எழுதல்.
6. எட்டி எடுப்பது: பரண் சாமான், தலைக்கு மேல் சட்டை.
7. பிடிப்பது: குழாய் திருகுதல், பேனா பிடித்தல்.
8. வெளிவேலை: கடைக்குப் போதல், பஸ் ஏறுதல், விளையாடுதல்.

கஷ்டமில்லை என்றால் 0, கொஞ்சம் கஷ்டம் 1, ரொம்பக் கஷ்டம் 2, முடியவே இல்லை 3. பிறர் கை கொடுத்தால்தான் முடியும் என்றால் 2-க்குக் குறைத்துப் போடக் கூடாது. ஒவ்வொரு வகையிலும் மிக அதிகமான எண்ணை எடுத்து, எட்டையும் கூட்டி, எட்டால் வகுக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குத் தாயார் சொன்னபடி கூட்டினால் 2, வகுத்தால் 0.25. அவளே சொன்னபடி கூட்டினால் 10, வகுத்தால் 1.25. பிள்ளை ஒன்றுதான், கணக்குதான் இரண்டு! இதைக் காட்டிய பிறகுதான் மருத்துவர் மருந்தை மாற்றி அமைத்தார். ஆறு மாதத்தில் அவள் கணக்கு 0.5-க்கு இறங்கியது. இப்போது பள்ளிக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகிறாள்.

வீட்டில் செய்து பார்க்கலாம்

விளையாட்டுப் போலச் சொல்லுங்கள்: குதிகாலால் நட, நுனிக்காலால் நட. கையை இறுக்கி மூடு. கட்டை விரலால் மற்ற விரல் நுனிகளைத் தொடு. சாமி கும்பிடுவது போல் கை குவி. இரண்டு கையையும் மேலே தூக்கு. பிடரியில் கை வை. மூன்று விரல் நுழையும்படி வாயைத் திற. ஏதாவது ஒன்று முடியாவிட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் தயங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியவை

* முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எண்ணெய், கட்டு என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். கவனிக்காத மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும்.
* வலி குறைந்தது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெதோட்ரெக்சேட் மாத்திரை என்றால் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தினமும் கொடுத்தால் ஆபத்து.
* கண்ணைப் பரிசோதியுங்கள். இந்நோயில் சிவப்போ வலியோ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வையைக் கெடுக்கலாம். மருத்துவர் சொன்ன தவணை தவறக் கூடாது.
* படுக்கவே வைக்காதீர்கள். உடற்பயிற்சி, நீச்சல், சைக்கிள் நல்லது.
* பள்ளி ஆசிரியரிடம் சொல்லுங்கள். எழுதக் கை நோகும் பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் தர, மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம்.

பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற ஊர் நம் ஊர். "எம்புள்ள எப்பம்மா மலை சுத்துவா?" என்று அந்தத் தாயார் கேட்டார். "முதல்ல அவ பாயிலேருந்து தானா எழுந்திருக்கட்டும். அதைக் கணக்குப் பண்ணுங்க. மலை எங்கயும் போயிடாது" என்றேன்.

பிள்ளையைக் கேளுங்கள்! தனியாகக் கேளுங்கள்! தவணைதோறும் கேளுங்கள்!