தீயணைப்பு வண்டி சொல்லும் சாட்சி

பழைய பிரிட்டிஷ் படங்களில் சில நொடிகளே வந்துபோகும் ஃபயர் இன்ஜின்களுக்கு உண்மையையும் நடிப்பையும் பிரித்துக் காட்டும் திறமை உண்டு.

இரவு. தேம்ஸ் நதிக்கரையில் ஒரு கிடங்கு கொழுந்துவிட்டு எரிகிறது. கூரைமேல் நின்று தண்ணீர் பீய்ச்சும் வீரர்கள். கீழே உறுமும் பம்பு வண்டிகள். ஜெர்மன் விமானங்கள் 1940-41இல் லண்டன் மீது குண்டுமாரி பொழிந்த நாட்களைப் பற்றிய டிவி நிகழ்ச்சிகளில் பலமுறை காட்டப்பட்ட காட்சிகள் இவை. பார்ப்பவர்களின் நெஞ்சு பதறும். ஆனால் அந்தத் தீ ஹிட்லரின் விமானங்கள் வைத்ததல்ல, சினிமாக்காரர்கள் வைத்தது.

ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் இயக்கி 1943இல் வெளியான 'ஃபயர்ஸ் வேர் ஸ்டார்ட்டட்' படத்துக்காக மூட்டப்பட்ட தீ அது. குண்டுவீச்சில் ஏற்கனவே சிதைந்துபோயிருந்த செயின்ட் காதரின் துறைமுகப் பகுதியில், 1942இல் படப்பிடிப்பு நடந்தது. நடித்தவர்கள் நிஜமான தீயணைப்பு வீரர்கள். வண்டிகளும் நிஜம். இதனால்தான் படத்தின் துண்டுகள் காலப்போக்கில் 'ஆவணக் காட்சி' என்ற அந்தஸ்தைப் பெற்றுவிட்டன. போர்க்காலத்தில் பணியில் உயிரிழந்த பிரிட்டிஷ் தீயணைப்பு வீரர்கள் ஏறக்குறைய 1,000 பேர். செயின்ட் பால் தேவாலயம் அருகே 1991இல் அவர்களுக்கு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அவர்கள் உண்மையில் அணைத்த தீ எது, அவர்களுடைய சகாக்கள் பின்னர் நடித்துக் காட்டிய தீ எது என்று பிரித்தறிவது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

இங்கேதான் பழைய ஃபயர் இன்ஜின்களின் ரசிகர்கள் உதவிக்கு வருகிறார்கள். மற்றவர்கள் கதாநாயகனைப் பார்க்கும்போது இவர்கள் ரேடியேட்டரைப் பார்ப்பார்கள். கில்ஃபோர்டில் தயாரான டென்னிஸ், லங்காஷயரின் லேலண்ட், லண்டனின் மெரிவெதர் - மூன்றுக்கும் முகம் வேறு. (லேலண்ட் நமக்கு அந்நியப் பெயர் அல்ல. சென்னை எண்ணூரின் அசோக் லேலண்டுக்குப் பெயர் தந்தது இதே நிறுவனம்தான்.) பம்பு முன்னால் இருக்கிறதா, நடுவிலா, பின்னாலா? வீரர்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்களா அல்லது இருபுறமும் திறந்தவெளிப் பலகையில் தொற்றிக்கொண்டு போகிறார்களா? திறந்த பலகை என்றால் பெரும்பாலும் பழைய வடிவமைப்பு. வளைவுகளில் வீரர்கள் தூக்கியெறியப்பட்டதால் 1930களில் மூடிய வண்டிகள் பரவத் தொடங்கின. பின்புறம் ஆளுயரத்துக்கு இரண்டு பெரிய சக்கரங்கள் துருத்திக்கொண்டிருந்தால் அது சக்கர ஏணி. வண்டியிலிருந்து இறக்கித் தள்ளிச் சென்று கட்டிடத்தில் சாய்க்கும் இந்த 50 அடி ஏணி, 1980களில்தான் லண்டனிடமிருந்து விடைபெற்றது.

நம்பர் பிளேட் இன்னும் பேசும். எழுத்துகளைக் கொண்டு எந்த மாவட்டத்தில் அல்லது நகரத்தில் பதிவான வண்டி என்று சொல்லிவிடலாம். மூன்று எழுத்துப் பதிவுகள் 1932இல் தொடங்கின. ஆண்டைக் குறிக்கும் கடைசி எழுத்து 1963இல் வந்தது. எனவே 1950இல் நடப்பதாகச் சொல்லப்படும் கதையில் கடைசி எழுத்துடன் ஒரு வண்டி வந்தால் இயக்குநர் மாட்டிக்கொண்டார். தேம்ஸ் கரைக் காட்சியில் கண்ட அதே எண், அதே வண்டி இன்னொரு 'ஆவணப்பட'த்தில் தலைகாட்டினாலும் அப்படித்தான்: துண்டு எங்கிருந்து வெட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

போர்க்கால வண்டிகளுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. போருக்கு முன்பே, 1938இல், துணைத் தீயணைப்புப் படை உருவானது. அதன் வண்டிகளுக்குச் சிவப்பு கிடையாது, சாம்பல் பூச்சு. வண்டிகள் போதாமல் லண்டனின் 2,000க்கும் மேற்பட்ட டாக்சிகள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. கூரையில் ஏணி, பின்னால் இழுத்துச் செல்லும் பம்பு என்று டாக்சி வந்தால் சந்தேகமே வேண்டாம், போர்க்காலம். ஹெட்லைட்டுக்கு மூடி, மட்கார்டு விளிம்பில் வெள்ளைப் பட்டை இருந்தால் 1939 செப்டம்பரில் இருட்டடிப்பு தொடங்கியதற்குப் பிந்தைய காட்சி. ஊருக்கு ஊர் தனித்தனியாக இருந்த படைகள் 1941 ஆகஸ்டில் ஒரே தேசிய தீயணைப்புப் பணியாக இணைக்கப்பட்டன. வண்டியின் பக்கவாட்டிலும் வீரர்களின் உடையிலும் உள்ள எழுத்துகள் அந்த மாற்றத்துக்கு முன்பா பின்பா என்று காட்டிக்கொடுக்கும். இணைப்புக்குப் பிறகு எடுக்கப்பட்ட ஜென்னிங்ஸ் படம், இணைப்புக்கு முந்தைய நாட்களை மீண்டும் நடித்துக் காட்டுகிறது. ஏமாறுவதற்கு இதைவிடத் தோதான படம் கிடைக்காது. இத்தனைக்கும் படத்தின் தொடக்கத்தில் வரும் எழுத்துகளிலேயே இது முந்தைய நாட்களின் சித்திரம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். துண்டை வெட்டியவர்கள் அதை மட்டும் வெட்டிக்கொள்ளவில்லை.

கறுப்பு-வெள்ளைப் படம் இன்னொரு தலைவலி. மௌனப் பட காலத்து ஃபிலிமில் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகப் பதியும். பிந்தைய ஃபிலிமில் நடுத்தரச் சாம்பலாக. ஆக, திரையில் சாம்பலாகத் தெரிவதெல்லாம் சாம்பல் வண்டி அல்ல.

நகைச்சுவைப் படங்களை நம்பவே முடியாது. வில் ஹே நடித்த 'வேர்ஸ் தட் ஃபயர்?' (1940) படத்தில் வண்டியின் ஓட்டைத்தனமே ஜோக். அந்தக் கிராமத்துப் படையின் வண்டியை வைத்துப் படத்தின் காலத்தைக் கணித்தால் பல பத்தாண்டுகள் பின்னுக்குப் போய்விட வேண்டியதுதான். கொள்ளையடித்துவிட்டுத் தப்புவதற்கு ஃபயர் இன்ஜினையே திருடர்கள் பயன்படுத்தும் 'கோ டு பிளேஸஸ்' (1962) படத்தில் வண்டிக்குக் கதாநாயக அந்தஸ்து. மணியடித்துக்கொண்டு வரும் வண்டியை யார் மறிக்கப் போகிறார்கள்? அந்த மணியும் ஒரு தடயம்தான். 1960களின் நடுவில் இரட்டைச் சுருதி ஹாரன் வந்து அதை ஓரங்கட்டியது.

போர்க்காலக் கதைக்குப் பொருந்தாத, ஆனால் ஆசையைத் தூண்டும் வண்டி ஒன்று உண்டு: 'கிரீன் காடஸ்'. பெட்ஃபோர்டு லாரிமீது 1950களில் கட்டப்பட்ட பச்சை நிற வண்டி. அணுகுண்டுப் போர் வந்தால் பயன்படும் என்று செய்துவைத்தார்கள். போர் வரவில்லை, தீயணைப்பு வீரர்களின் வேலைநிறுத்தம் வந்தது. 1977இலும் 2002இலும் ராணுவத்தினர் இவற்றை ஓட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தனர். பின்னர் அரசு விற்றுத் தள்ளியது. உருண்டு திரண்ட பழைய தோற்றம் என்பதால், சாம்பல் பூச்சு அடித்து 1940க்குக் கொண்டுபோய் நிறுத்தினால் சாதாரண ரசிகருக்குத் தெரியாது. ரசிகர் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சிரிப்பார்.

சிரிப்பதோடு வேலை முடிவதில்லை. துருப்பிடித்த வண்டியை வாங்கிப் புதுப்பிப்பவர்களுக்குப் பழைய படம்தான் வரைபடம். தொழிற்சாலைப் புகைப்படத்தில் வண்டி புத்தம் புதிதாக, அசையாமல் நிற்கும். படத்தில்தான் அது ஓடுகிறது. மணி எந்தப் பக்கம், கோடரி எங்கே மாட்டியிருந்தது, சக்கர ஏணியை இறக்க எத்தனை பேர் எங்கெங்கே கை வைத்தார்கள் என்பதெல்லாம் அந்த ஓரிரு நொடிகளில் இருக்கிறது. அதற்காக இவர்கள் 1901 வரைகூடப் போவார்கள். அந்த ஆண்டு ஜேம்ஸ் வில்லியம்சன் எடுத்த 'ஃபயர்!' என்ற சில நிமிடப் படத்தில், ஹோவ் நகரத் தீயணைப்பு நிலையத்திலிருந்து வண்டி பாய்ந்து வருகிறது. அதில் தேடுவதற்கு ரேடியேட்டரும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. இழுத்து வருபவை குதிரைகள்.