உங்களுக்குத் தெரியுமா? பியானோ ஏறிய படிக்கட்டு

லாரல்–ஹார்டியின் 'தி மியூசிக் பாக்ஸ்' (1932) குறும்படத்தில் இருவரும் பியானோவோடு மல்லுக்கட்டும் நெடிய படிக்கட்டு செட் அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸின் சில்வர் லேக் பகுதியில் இன்றும் இருக்கிறது.

• 1927இல் 'ஹேட்ஸ் ஆஃப்' என்ற மௌனப் படத்துக்காக இதே படிகளில் வாஷிங் மெஷினைத் தூக்கியவர்களும் இவர்களே. அதன் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

• 'தி மியூசிக் பாக்ஸி'ல் பியானோவோடு மூச்சிரைக்க உச்சிக்குப் போன பிறகுதான் வண்டிப்பாதை இருப்பதைத் தபால்காரர் சொல்கிறார். உடனே பியானோவைக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு மறுபடி வருகிறார்கள்!

• பியானோ போய்ச் சேர்ந்த வீட்டின் சொந்தக்காரரான பேராசிரியருக்குப் பியானோ என்றாலே ஆகாது. கோடரியால் பிளக்கும்போது அதிலிருந்து அமெரிக்க தேசிய கீதம் ஒலிக்க, நிமிர்ந்து நின்று சல்யூட் அடிக்கிறார். பிறகு வெட்டைத் தொடர்கிறார்.

• நகைச்சுவைக் குறும்படத்துக்கான முதல் ஆஸ்கர் இதற்கே.