ஒயர் கூடையின் கணக்கு

தமிழ்நாட்டுக் கைவினைகளைப் பற்றிய எழுத்துகளில் பத்தமடைப் பாய்க்கும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் உறுதியான இடம் உண்டு. ஆனால், ஒரு தலைமுறைக் காலம் எண்ணற்ற வீடுகளில் ஆணியிலும் கதவின் பின்புறத்திலும் தொங்கிக்கொண்டிருந்த ஒயர் கூடையைப் பற்றி அவற்றில் ஒரு வரியைக் காண்பதே அரிது. தாமிரபரணிக் கரையின் கோரை, வறண்ட நிலத்துப் பனையின் குருத்தோலை என்றெல்லாம் மண்ணின் பெயரோடு சேர்த்துச் சொல்லத்தக்க மூலப்பொருள் அதற்கு இல்லை என்பதும், அது எந்த ஊருக்கும் எந்தச் சமூகத்துக்கும் தனியுரிமையானதன்று என்பதும் இதற்குக் காரணங்களாகலாம். பாயும் கொட்டானும் புவிசார் குறியீடு பெற்றவை. அதாவது, ஒரு பொருளின் பெயரையும் தரத்தையும் அது பிறந்த வட்டாரத்தோடு பிணைத்துச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு அவற்றுக்கு உண்டு. எங்கும் பின்னப்படும் ஒயர் கூடை அத்தகைய குறியீட்டைக் கோரவே வழியில்லை. ஆயினும், விற்பதற்காகவன்றித் தம் வீட்டுப் பயன்பாட்டுக்கென்றே தமிழ்ப் பெண்கள் இவ்வளவு பரவலாகச் செய்த கைப்பொருள், தையலை விட்டால் வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே.

கூடைக்கான ஒயர் பெரும்பாலும் பி.வி.சி. எனப்படும் நெகிழியால் ஆனது. இயல்பில் விறைப்பான அப்பொருளோடு நெகிழ்வூட்டும் சேர்மங்களைக் கலந்து வளையத்தக்கதாக்கும் வழியை 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன் கண்டறிந்தார். அந்த நெகிழ்வுதான் முடிச்சுக்கு இடம் கொடுக்கிறது. பனையோலையில் கடகமும் பெட்டியும் முடைந்து பழகிய ஊர்களில் இப்புதிய பொருள் எளிதாகக் கைக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால், ஓலை முடைவதும் ஒயர் பின்னுவதும் ஒரே வேலையல்ல. ஓலை, ஒன்றன்மேல் ஒன்றாக மாறிமாறி ஏறியிறங்கிச் செல்வதால் நிற்கிறது. ஒயரோ ஒவ்வோர் இடத்திலும் முடியப்பட்டு நிற்கிறது. ஆகவே, முடைந்த பெட்டியில் ஓர் ஓலை இற்றால் அதனருகில் உள்ளவை தளர்வதைப் போலன்றி, ஒயர் கூடையில் ஓரிடம் அறுந்தாலும் சுற்றியுள்ள முடிச்சுகள் தத்தம் இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த முடிச்சைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். சாதாரண முடிச்சு என்று வழங்கப்படுவதில் இரண்டு ஒயர்கள் ஒன்றையொன்று குறுக்காக வளைத்துக் கவ்வுகின்றன. இழுத்து இறுக்கியதும் சிறு சதுரம் ஒன்று உருவாகி, அதன் நான்கு பக்கங்களிலிருந்தும் நான்கு முனைகள் நீள்கின்றன. அம்முனைகளே அடுத்தடுத்த முடிச்சுகளுக்குக் கை கொடுப்பதால், கூடை முழுவதும் ஒரே செயலின் திரும்பத் திரும்ப நிகழும் வடிவமாகிறது. முதலில் செவ்வக வடிவில் 'அடி' போடப்படும். அடி முடிந்ததும் நாற்புறமும் நீண்டு கிடக்கும் முனைகளை மேல்நோக்கித் திருப்பி, ரோலிலிருந்து வெட்டாமல் ஓடவிடும் ஒயரை (இதைப் பின்னுவோர் 'ரன்னிங் ஒயர்' என்பர்) ஒவ்வொரு முனையோடும் முடிந்தபடி சுற்றிச்சுற்றி வர, சுவர் வரிவரியாக எழும்பும். போதிய உயரம் வந்தபின் மிஞ்சிய முனைகளை உட்புறமாக மடக்கி, கீழ்வரிசை முடிச்சுகளுக்குள் செருகி நறுக்கிவிடுவர். இறுதியில் கைப்பிடி; சில ஒயர்களைக் கற்றையாக வைத்து, அதன்மேல் வேறு ஒயரைச் சுற்றிப் பின்னி அது உருவாக்கப்படும். கத்தரிக்கோல் ஒன்றைத் தவிர வேறு கருவி ஏதும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. சாதாரண முடிச்சில் கை தேர்ந்தவர்கள் அடுத்து நாடியவை, புடைத்துக்கொண்டு உருண்டு நிற்கும் நெல்லிக்காய் முடிச்சு, தட்டையான பிஸ்கட் முடிச்சு, இரு நிறங்களில் விழி போன்ற வடிவம் காட்டும் சிவன் கண் முதலியன. சமையலறையும் கோயிலும் பெட்டிக்கடையும் ஒரே பட்டியலில் சேர்ந்திருப்பதிலிருந்தே, இப்பெயர்களை இட்டவர்கள் யார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கை வேகத்தைவிடக் கணக்கே இக்கலையின் கடினமான பகுதி. அடியின் நீளத்துக்கு எத்தனை முடிச்சு, அகலத்துக்கு எத்தனை, ஒவ்வொரு துண்டையும் எத்தனை அடி அல்லது முழம் வெட்டுவது என்பதையெல்லாம் முதல் முடிச்சைப் போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். குறைத்து வெட்டினால் சுவர் பாதியில் நின்றுவிடும். அப்போது வேறு துண்டை ஒட்டுப்போட்டு, ஒட்டு தெரியாதபடி முடிச்சுக்குள் மறைக்க வேண்டியிருக்கும். கூட்டி வெட்டினாலோ காசு கொடுத்து வாங்கிய ஒயர் துண்டுதுண்டாக வீணாகும். இந்த அளவுகள் வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலோ நாள்காட்டித் தாளின் முதுகிலோ எழுதி வைக்கப்பட்டன. பெரும்பாலும் எழுதப்படாமலே அத்தையிடமிருந்தும் பெரியம்மாவிடமிருந்தும் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்தும் வாய்வழியாக வந்தன. புதிதாகக் கற்பவருக்கு மூத்தவர் அடி போட்டுக் கொடுப்பார். கற்பவர் சுவரை எழுப்புவார். மூலை திரும்பும் இடத்திலும் கைப்பிடி கோக்கும் இடத்திலும் கூடை மீண்டும் மூத்தவர் மடிக்குப் போகும். ஆகவே, ஒருவர் பின்னியதாகச் சொல்லப்படும் பல கூடைகள் உண்மையில் இரண்டு அல்லது மூன்று கைகளின் வேலை.

குடும்ப நினைவு இப்பொருளில் தங்கியிருக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. பொதுவாகக் கைவினைப் பொருள்களில் நினைவைத் தேடுவோர் அலங்காரத்தையோ பொறித்த பெயரையோ பார்ப்பர். ஒயர் கூடையில் அது அளவில் இருக்கிறது. கடையில் வாங்கும் பை எதற்கும் பொதுவானது. வீட்டில் பின்னும் கூடையோ குறிப்பிட்ட ஒன்றைக் கருதியே அடி போடப்படுவது. நான்கு அடுக்கு டிபன் கேரியர் சாயாமல் நிற்க ஒரு கூடை, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அடங்க ஒரு சிறு கூடை, மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டு செல்ல பிளாஸ்க் அளவுக்கு ஒரு குறுகிய உயரக் கூடை, சந்தைக்கென்று அகன்ற வாயுடைய பெரிய கூடை, தேங்காய் பழத் தட்டு கலையாமல் கோயிலுக்குக் கொண்டு போக ஒரு தட்டை அடிக் கூடை என்று தேவையே உருவத்தைத் தீர்மானித்தது. எனவே, பரணில் கிடக்கும் பழைய கூடையின் அடியில் உள்ள முடிச்சுகளை எண்ணினால், அவ்வீட்டில் ஒரு காலத்தில் எத்தனை பேருக்குக் காய்கறி வாங்கப்பட்டது, யாருக்குச் சோறு கட்டப்பட்டது என்பதைக்கூட ஓரளவு கணித்துவிடலாம். புகைப்படம் விசேஷ நாள்களை மட்டும் காட்டுகிறது. செவ்வாய்க்கிழமைச் சந்தையை அது காட்டுவதில்லை. நிறத்தேர்வும் ஒரு சான்றுதான், ஆனால் அதை அளவுக்கு மீறி நம்பலாகாது. கடையில் அன்று எந்த நிறம் இருந்ததோ அதுவே பல கூடைகளின் நிறம்.

விலை என்ற இடத்தில் இக்கணக்கு தடுமாறுகிறது. கூடைகள் இன்றும் 'ஒரு ரோல் கூடை', 'மூன்று ரோல் கூடை' என்று, பிடித்த ஒயரின் அளவைக் கொண்டே குறிப்பிடப்படுகின்றன. பொருளின் அளவு பெயரிலேயே இருக்க, உழைப்பின் அளவுக்குச் சொல்லே இல்லை. சமையலுக்கும் மாலை விளக்கேற்றுவதற்கும் இடைப்பட்ட ஓய்வில் செய்ததென்பதால் அந்நேரம் செலவாகவே கருதப்படவில்லை. அக்கம்பக்கத்தார் ஒயர் வாங்கிக் கொடுத்துப் பின்னித் தரச் சொல்லும்போதும், கூலி பெரும்பாலும் ரோல் ஒன்றுக்கு இவ்வளவு என்றே பேசப்படுவதால், எளிய முடிச்சும் நேரம் பிடிக்கும் நெல்லிக்காய் முடிச்சும் ஒரே தராசில் நிறுக்கப்படும் அநீதி நேர்கிறது. 'பொழுதுபோக்கு' என்று இதை அழைத்த கட்டுரைகள் இந்த ஏற்பாட்டுக்குத் துணைபோனவையே; சிறுவாட்டுப் பணத்துக்காக இரவு விளக்கில் பின்னியவர்களுக்குப் போக்குவதற்குப் பொழுது ஏது?

பாலித்தீன் பைகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கூடையைக் கையில் எடுத்துச் செல்வது பழம்பாணியாகத் தோன்றி, அது பரணுக்கு ஏறியது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. துணிப்பையோடு ஒயர் கூடையும் மீண்டும் கண்ணில் படுவதும், முடிச்சுகளைக் கற்றுத்தரும் காணொளிகள் யூடியூபில் பெருகியிருப்பதும் இச்சூழலோடு பொருந்துகின்றன. காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து முடிச்சைக் கற்கலாம். எவ்வளவு இறுக்குவது என்பதை மட்டும், பக்கத்தில் இருப்பவர் கூடையை வாங்கி ஒருமுறை இழுத்துக் காட்டித்தான் கற்பிக்க முடிகிறது.

நெகிழியை ஒழிக்கும் முயற்சியில் நெகிழிக் கூடையே துணை நிற்பது முரண் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பல்லாண்டு உழைப்பதால் அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால், வெயிலில் நாள்பட்டுக் கிடந்தால் ஒயர் விறைத்து வெடிக்கும், எரித்தாலோ குளோரின் கலந்த நச்சுப் புகை எழும். பொதுவாகக் கூடையின் உடலுக்கு முன்னர் பழுதாவது கைப்பிடிதான். முழுப் பாரத்தையும் தாங்குவது அதுவேயாதலால், அதைப் புதிதாகப் பின்னிக் கோத்தால் கூடை இன்னும் சில ஆண்டுகள் ஓடும். அப்போது பழைய நிறம் கடையில் கிடைக்காவிட்டால் கிடைத்த நிறத்தைப் போட்டுக்கொள்வதே வழக்கம். பச்சைக் கூடைக்குச் சிவப்புக் கைப்பிடி வாய்ப்பது அப்படித்தான்.