முன்சுழியும் முகவரிச் சரிபார்ப்பும்

ஐபி முகவரியின் ஒரு பகுதி சுழியத்தில் தொடங்கினால் அதனை எட்டடிமான எண்ணாகக் கொள்வது சி மொழி வழிவந்த பழைய மரபு. அதன்படி 0177.0.0.1 என்பது 127.0.0.1, அதாவது வழங்கி தன்னையே சுட்டும் முகவரி. நோட்.ஜேஎஸ் நிரலர்களிடையே பரவலான ‘நெட்மாஸ்க்’ நிரலகமோ முன்சுழியைப் பொருட்படுத்தாது, 177.0.0.1 என்னும் பொது முகவரியாகவே அதனைப் படித்தது. 2021இல் வெளிப்பட்ட இக்குறைபாட்டின் விளைவு எளியதன்று. உள்வலை முகவரிகளைத் தடுக்கவேண்டிய சரிபார்ப்பு இசைவளிக்க, இணைப்பை ஏற்படுத்தும் கூறு பழைய மரபைப் பின்பற்றினால், வெளியார் கோரிக்கை வழங்கியின் உட்பகுதியையே எட்டிவிடும். ஒரே முகவரியை இரு கூறுகள் இருவேறாக வாசித்தமையே இதன் வேர். பைத்தானின் நிகழ்வு இன்னும் கருதத்தக்கது: பொருள்மயக்கம் தரும் முன்சுழியை அதன் முகவரி நிரலகம் தொடக்கத்தில் மறுத்தே வந்தது, 3.8 பதிப்பில் அத்தடை நீக்கப்பட்டதால் இதே குறை அங்கும் புகுந்தது. 3.9.5 பதிப்பு, முன்சுழி கொண்ட ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் மறுக்கிறது.