வத்தக விதை மாத்திரைக்கு ஈடாகுமா?

புல்மோட்டை வீதியில் வத்தகப்பழம் வாங்கித் தின்றால் விதையைத் துப்பிவிடுவதுதான் எங்கள் வழக்கம். இப்போது அந்த விதைக்கு மவுசு வந்திருக்கிறது. ‘மாரடைப்பே வராது’ என்று வட்ஸ்அப்பில் சுற்றும் தகவலை நம்பி, கொலஸ்ட்ரோல் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதாக இறக்கக்கண்டியில் வயதான மீனவர் ஒருவர் என்னிடம் சொன்னார். “விதையிலயும் அதே மருந்துதானே தம்பி இருக்கு?”

இல்லை. அதற்காக விதையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

காயவைத்துக் கோது நீக்கிய விதைப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 47 கிராம் கொழுப்பு. அதில் 28 கிராம் லினோலெயிக் அமிலம், அதாவது ஒமேகா-6 வகை நிரம்பாத கொழுப்பு. நிரம்பிய கொழுப்பு 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தேங்காய் எண்ணெயிலோ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்புத்தான். நிரம்பிய கொழுப்பின் இடத்தில் லினோலெயிக் அமிலம் வந்தால், ஈரல் இரத்தத்திலிருந்து எல்டிஎல் கொலஸ்ட்ரோலைக் கூடுதலாக இழுத்தெடுக்கும். ‘இடத்தில்’ என்பதைக் கவனியுங்கள். தேங்காய்ப்பால் கறியைக் குறைக்காமல் மேலதிகமாக ஒரு பிடி விதை தின்றால் 150 கலோரி கூடும், அவ்வளவுதான்.

இப்படி மாற்றினால் இதய, இரத்தக்குழாய் நோய்கள் சுமார் 30 வீதம் குறையும் என்றது அமெரிக்க இதயச் சங்கத்தின் 2017 அறிக்கை. எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை நடந்த பரிசோதனையில் சோள எண்ணெய் கொலஸ்ட்ரோலைக் குறைத்தது; மரணங்களைக் குறைக்கவில்லை. அந்தத் தரவுகள் மீளாய்வு செய்யப்பட்டு வெளிவந்ததே 2016இல்தான். இவையெல்லாம் எண்ணெய்களை வைத்துச் செய்தவை, வத்தக விதையை வைத்து அல்ல.

ஸ்டாட்டின் மாத்திரையின் வழி வேறு. ஈரலில் கொலஸ்ட்ரோல் உற்பத்தியாவதையே அது தடுக்கிறது. நடுத்தர அளவு மாத்திரையே எல்டிஎல்லை 30 வீதத்துக்கு மேல் குறைக்கும். ஒரு பிடி விதை அந்த வேலையைச் செய்யாது. மாத்திரையைக் குறைப்பதா என்பதை இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு கிளினிக்கில்தான் கேட்க வேண்டும்.

விதையில் அநேகமாக இல்லாத ஒன்று ஒமேகா-3. அது இந்தக் கரையிலேயே ஏறுகிறது: சாளை, சூடை, கும்பளா. பெரிய மீன்கள் கொழும்புக்கு லொறி ஏறிய பிறகு மிஞ்சும் மலிவு மீன்கள்! கருவாடாக்கினால் உப்பு ஏறிவிடும். உப்புப் போட்டு வறுத்த விதைக்கும் அதே கதைதான். விதையை வறுப்பவர்கள் உப்பில்லாமல் வறுத்து, கோதை உடைத்துத் தின்னுங்கள். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும்.