மேட்டுக்கு அப்பால்

அந்நிய நாட்டுப் பிரயாணம் என்றால் கப்பல், ஆகாய விமானம், பாஸ்போர்ட்டு என்றெல்லாம் வாசகர்களுக்கு ஞாபகம் வரக்கூடும். போடிநாயக்கனூர்க்காரர்களாகிய எங்களுக்கு இவையொன்றும் தேவைப்பட்டதில்லை. விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்பில் இடித்துப் பிடித்து ஏறினால் போதும். முந்தல் சாவடியைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, 4,000 அடிக்கு மேல் உயர்ந்து போடிமெட்டை அடைந்ததும், கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். காற்றும் மாறிவிடும்.

அந்நிய நாடு என்று நான் கூறுவது முழுவதும் பரிகாசமன்று. என் பாட்டனார் வாலிபத்தில் ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதியவர். அப்போது மேட்டுக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானம். சட்டம் வேறு, தபால் வேறு, நாணயங்கூட வேறு. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். இடுப்பில் இரண்டு சுருக்குப்பை வைத்துக்கொண்டு போவாராம். மிஞ்சிய ஒரு சக்கரம் எங்கள் பூஜை அறைச் செப்பில் இன்றும் கிடக்கிறது; மிளகளவே இருக்கும் அந்த வெள்ளிக் காசைத் தேடுவதற்கே மூக்குக் கண்ணாடி வேண்டும்.

1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாயின. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் யாருக்கு என்ற வழக்கு அதன் பிறகு பலமாக மூண்டது. 1954-ல் ஸ்ரீ நேசமணி மூணாறுக்கே சென்று கைதியானார். முடிவில், 1956 நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. மலைத் தாலுகாக்கள் இரண்டும் கேரளத்தோடு நின்றன. அந்தத் தீர்ப்பு நியாயந்தானா என்று எங்கள் ஊர்த் திண்ணைகளில் வெகு காலம் விவாதம் நடந்தது. விவாதித்தவர்கள் மறுநாள் காலை அதே மலைக்கு வேலைக்கும் போனார்கள்.

நான் முதன்முதலில் மலை ஏறியது 1991-ல், பத்து வயதில், பாட்டனாரோடு. மேட்டில் நின்று, "இது வரைக்கும் நம்ம ஊரு, இனிமே மகாராஜா ஊரு" என்றார் அவர். மகாராஜா ஆட்சி போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது! தோட்டத்தில் எங்கள் தெரு அத்தை ஒருவர் காய் எடுத்துக்கொண்டிருந்தார். உறவினரல்லர், ஆனால் தெருவே அவரை அத்தை என்று அழைத்தது. ஏலக்காய் மரத்தில் காய்ப்பது என்று நான் எண்ணியிருந்ததைக் கேட்டு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும்; காயோ அடித்தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் இருக்கும். ஆகவே குனிந்த தலை நிமிராமல் எடுக்கவேண்டும். ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் விரலால் தடவி அறிந்து, பிஞ்சை விட்டுவிட்டு, சில வாரம் கழித்து மறு எடுப்புக்கு வரவேண்டும். பழுக்க விட்டால் காய் வெடித்து விலை போய்விடும். இத்தனையும் மழையிலும் அட்டைக் கடியிலும்! பச்சைக் காய் ஐந்து கிலோ ஸ்டோரில் உலர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ ஆகிறது. பாயசத்தில் நாம் நசுக்கிப் போடும் இரண்டு காயின் பூர்வோத்தரம் இதுதான்.

உலர்ந்த காய் போடிக்கு இறங்கிச் சலிக்கப்பட்டு, தரம் பிரிந்து, ஏலத்துக்குப் போகிறது. ஏலக்காயை ஏலம் விடுகிறார்களே, இரண்டும் ஒரே சொல்லா என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். இல்லை, காய் நம்முடையது, கூவி விற்கும் ஏலம் போர்த்துக்கீசியர் கொணர்ந்த சொல். இப்போது கூவுவதும் இல்லை. கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்துகிறார்கள். 2018 பெருவெள்ளத்துக்கும் அதைத் தொடர்ந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறியது. இரண்டே வருஷத்தில் ஆயிரத்துக்குச் சரிந்தது. விலை ஏறியபோது அத்தையின் கூலி அதே வேகத்தில் ஏறியதாக நான் கேள்விப்படவில்லை.

2011 டிசம்பரை எங்கள் ஊர் மறக்காது. முல்லைப் பெரியாறு அணை பற்றிய தகராறு முற்றி, எல்லைச் சாலைகள் அடைபட்டன. தோட்டங்களில் தமிழர்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி பரவ, நூற்றுக்கணக்கானோர் காட்டு வழியே இறங்கி வந்தார்கள். அப்போது எடுப்புக்காக லயனிலேயே தங்கியிருந்த அத்தையும் அவர்களில் ஒருவர். காலெல்லாம் முள் கிழித்து, ஒரு மஞ்சள் பையோடு வந்து சேர்ந்தார். அவர் முதலில் சொன்னது தம் கஷ்டத்தையன்று. பக்கத்துத் தோட்டத்து மலையாளிக் குடும்பம் இரவில் கஞ்சி கொடுத்ததையும், அந்த வீட்டுப் பெரியவர் டார்ச்சு விளக்கோடு எல்லை முகடு வரை துணை வந்ததையும் சொன்னார். "அவரு திரும்பிப் போறப்ப தனியாப் போனாரு தம்பி, அதுதான் மனசு கேக்கல" என்றார்.

அமளி அடங்கியதும் அத்தை மறுபடி ஜீப்பு ஏறினார். "போகத்தான் வேண்டுமா?" என்றேன். "காயி முத்திடுச்சே, யாரு எடுக்கிறது?" என்றார். அணையில் நீர் எத்தனை அடி நிற்கலாம் என்பது நீதிமன்றத்துக்குரிய விஷயம். 1895 முதல் அந்த நீரைக் குடித்து வாழும் பள்ளத்தாக்கில் பிறந்த எனக்கு அதில் திடமான அபிப்பிராயம் உண்டு. ஆனால் அந்த டார்ச்சு விளக்கையும் கணக்கில் சேர்க்காமல் பேச இன்றும் வாய் வருவதில்லை.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற வந்த வாலிபரும் பெண்களும் இருபது பேருக்கு மேல் மாண்டனர். 2020-ல் கொரோனா பாதையை மீண்டும் அடைத்தது. 2024 கோடையில் நிழல் மரங்களுக்கு அடியிலேயே ஏலச் செடிகள் காய்ந்து மடிந்ததைக் கண்ணால் கண்டேன். இதற்கிடையில் போடிக்கு ரயில் மட்டும் திரும்பி வந்தது! 2010 கடைசியில் நின்ற மீட்டர் கேஜ் வண்டிக்குப் பதில், 2023 ஜூனில் அகல ரயில்.

சென்ற எடுப்புக் காலத்தில் அத்தையை அழைத்துக்கொண்டு மேலே போனேன். முழங்கால் வலியால் அவர் வேலையை விட்டுச் சில வருஷமாகிறது. அவர் பெண் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். தோட்டத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறு பெண் பிஞ்சையும் சேர்த்துப் பறிப்பதைக் கண்டதும் அத்தைக்குப் பொறுக்கவில்லை. வலியை மறந்து அருகே குனிந்தார். அவள் விரலைப் பிடித்து முற்றிய காயின் மேல் வைத்து அழுத்திக் காட்டினார். அவள் ஏதோ ஹிந்தியில் கேட்டாள். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்து, "வாத்தியாருதானே, என்ன கேக்குறான்னு சொல்லுங்க" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. அதற்குள் அவர்கள் இருவரும் அடுத்த தூருக்கு நகர்ந்துவிட்டார்கள்.